வால் விழும் படம்

பெங்களூர்
9.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

சகாதேவன் எழுதுகிறேன். பொங்கலுக்கு வராததில் கோபமாக இருப்பாய். லீவு கேட்கப் போன அன்றுதான் எம்.டி. என்னை உட்காரச் சொல்லி ஒரு வேலையைக் கொடுத்தார். இங்கே சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. என் பெயரைச் சொல்லி ஒரு வேலை வந்தது இதுதான் முதல் தடவை. அதை விட்டுவிட்டு பஸ் ஏற மனசு வரவில்லை.

பாங்கிலும் நகைக்கடையிலும் சுவரில் கேமரா மாட்டி, உள்ளே ஒரு அறையில் டி.வி.யில் பார்ப்பார்கள். இதுவரை அந்தக் கேமராக்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி, பெட்டியை மாற்றி விற்றுக்கொண்டிருந்தோம். இனி நாங்களே செய்யப் போகிறோம். சின்ன முதலாளிகளும் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். கேமராவில் விலை கூடின பொருள் அதன் கண்தான். லென்ஸைச் சொல்லவில்லை. லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றுகிற பொருள். அதில் எதைப் போடுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று ரகம் இருக்கிறது. ஒன்று பழைய மாதிரி கண்ணாடிக் குழாய், மலிவு. இரண்டாவதும் குழாய்தான், உள்ளே பூச்சு வேறு. மங்கின வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும், விலை மூன்று மடங்கு. மூன்றாவது இப்போது புதிதாக வந்திருக்கும் சிப். விரல் நகம் அளவுதான். விலை எட்டு மடங்கு, அதற்கு மேல் இறக்குமதி லைசென்ஸ், சுங்கம்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் முதல் ஆர்டர் உங்கள் இறால் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. நீ இறால் உரிக்கப் போகிற அதே கொட்டகைதான். வேலை சுத்தமாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்று உங்கள் முதலாளி சொன்னாராம். என் அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள் என்று எம்.டி.யிடம் நான் சொல்லவில்லை. கூச்சமாக இருந்தது.

எனக்கு நீ ஒரு உதவி செய். கொட்டகையில் எத்தனை டியூப்லைட், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஜன்னல் உண்டா, உரிக்கும்போது கை எவ்வளவு வேகமாகப் போகும், எல்லாம் விவரமாக எழுது.

தம்பி,
சகாதேவன்


கோட்டைக்குப்பம்
26.2.1986

தம்பி சகாதேவனுக்கு,

உன் கடிதத்தை உன் மாமா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "என் மச்சான் கேமரா செய்றாண்டா"னு சொல்லியிருக்கிறார். ஊரே வந்து கேட்கிறது.

கூச்சம் என்று எழுதியிருக்கிறாய். நான் இறால் உரித்துத்தான் நீ பாலிடெக்னிக் போனாய். சரி, விடு. கேட்டதை எழுதுகிறேன்.

கொட்டகைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். நாலு டியூப்லைட். அதில் ஒன்று எரிவதே இல்லை, ஒன்று விட்டுவிட்டு எரியும். ஜன்னல்களை ஈ வருகிறது என்று சாக்கு போட்டு அடைத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் பட்டப்பகலிலேயே சோற்றில் கல் கிடந்தால் தெரியாது. நானும் முனியம்மாளும் உட்காருவது அந்தக் கடைசி வரிசையில்தான்.

கை வேகத்தை எண்ணிப் பார்த்தேன். மேஸ்திரியின் கடிகாரத்தைப் பார்த்து ஒருத்தி நிமிஷம் சொன்னாள். நான் பத்தொன்பது இறால். முனியம்மாள் இருபத்தாறு. அவள் கை போவதும் வருவதும் கண்ணில் நிற்காது. இறால் மூக்கு குத்தி விரலில் ரத்தம் வந்தால் இடுப்பில் செருகின துணியில் துடைத்துக்கொண்டு திரும்பக் கூடைக்கு வரும் நேரத்தில் நான் ஒன்று முடித்திருக்க மாட்டேன்.

"இன்னாடி எண்ணிகினு கீறே?"னு கேட்டாள். உன் கடிதத்தைச் சொன்னேன். சிரித்தாள். "எழுது. முனியம்மா கை நிமிசத்துக்கு இருபத்தாறுனு எழுது. உன் தம்பி கேமரா அத்தப் புடிக்குதா பாக்கலாம்" என்றாள். நீ பொன்னேரிக்குப் படிக்கப் போன நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தால் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அவளையும் விசாரித்து ஒரு வரி எழுது.

இந்திராணி


பெங்களூர்
20.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதினதை வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் உங்கள் கொட்டகை மாதிரியே ஒரு இடம் அமைத்தேன். இரண்டு டியூப்லைட், ஜன்னலுக்கு சாக்கு. மார்க்கெட்டில் ஒரு கிலோ இறால் வாங்கி வந்து நானே உட்கார்ந்து உரித்தேன். நிமிஷத்துக்குப் பத்துகூட வரவில்லை. ஆபீஸ் முழுவதும் நாற்றம் என்று எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள்.

மூன்று கண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் மலிவான குழாய்க்கு ஒரு வியாதி இருக்கிறது. கை நகர்ந்துவிடும், ஆனால் நகர்ந்த வழியில் வெள்ளையாக ஒரு கோடு கொஞ்ச நேரம் நிற்கும். பழைய படத்தைக் குழாய் உடனே மறக்காது. நான் அதற்கு வால் என்று பெயர் வைத்திருக்கிறேன். கை எவ்வளவு வேகமோ வால் அவ்வளவு நீளம். இரண்டாவது குழாயில் வால் அநேகமாக இல்லை. சிப்பில் சுத்தமாக இல்லை.

இரண்டாவது ரகத்தையே போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். எம்.டி. படித்துவிட்டு, "சகாதேவன், கஸ்டமர் சுத்தம் பார்க்கத்தான் கேட்கிறான், சினிமா எடுக்கப் போவதில்லை. இந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் ஆர்டர் போய்விடும். வெளிச்சம் போதாவிட்டால் நாலு லைட் சேர்த்துப் போடட்டும்" என்றார். அது உண்மைதான். லைட் நிறையப் போட்டால் வால் குறைந்துவிடும். கேமராவோடு போகிற புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் 'போதிய வெளிச்சம் தேவை' என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மலிவான குழாய்க்கே கையெழுத்துப் போட்டேன். தரை சுத்தமா, தலையில் துணி கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க இது போதும். வால் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த மாதம் முதல் எனக்கு டிசைன் இன்ஜினியர் என்று பெயர். முனியம்மாள் அக்காவிடம் சொல். அவள் கையைப் பிடிக்க எட்டு மடங்கு விலையுள்ள கண் வேண்டும் என்றும் சொல்.

சகாதேவன்


கோட்டைக்குப்பம்
13.7.1986

தம்பிக்கு,

உன் கேமரா வந்துவிட்டது. எங்கள் வரிசைக்கு நேர் எதிரே, உத்தரத்தில் மாட்டியிருக்கிறார்கள். டி.வி.யும் படத்தைப் பதிகிற டெக்கும் முதலாளி அறையில். மாட்ட வந்த ஆளிடம் "லைட்டு போடலியா?"னு நான் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கரண்டு பில்லு நீ கட்டுவியா?" என்றான். ஒரு லைட்கூட சேர்க்கவில்லை.

சுத்தம் பார்க்க என்று எழுதினாயே. முதல் நாளே மேஸ்திரி நின்றுகொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "போன வருசம் பூரா எடை கொறையுது. கொடுத்த இறாலுக்கும் உரிச்ச இறாலுக்கும் கணக்கு ஒதைக்குது. இனிமே எவ எடுத்தாலும் முதலாளி உக்காந்த எடத்துலேர்ந்தே பாப்பாரு." நாற்பது பொம்பளைகளும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். எல்லோரும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் மாமாதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே.

முன்னே பேசிக்கொண்டே உரிப்போம். இப்போது வாய் அசைந்தால் மேஸ்திரி வந்து நிற்கிறான். முந்தானை நழுவினால் சரி செய்யப் பயமாக இருக்கிறது. யாரோ ஒரு ஆம்பிளை உள்ளே உட்கார்ந்து பார்க்கிறான் என்று தெரிந்தே எட்டு மணி நேரம் குந்திக்கொண்டிருக்க வேண்டும். நீ இதைத் தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா?

இந்திராணி


பெங்களூர்
2.8.1986

அக்காவுக்கு,

வாங்குகிறவர்கள் அதை எதற்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. அரிவாள்மனை செய்கிறவனிடம் போய் நீ கேட்பாயா? லைட் போடச் சொல்லி எங்கள் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் போகும். திருடாதவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

சகாதேவன்


கோட்டைக்குப்பம்
7.9.1986

தம்பிக்கு,

கெடுதல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முனியம்மாளை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். டெக்கில் படத்தைப் போட்டார்கள். அவள் தன்னை டி.வி.யில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதலில் சிரித்தாள். "ஐய, நானா அது?" என்றாள்.

தம்பி, நானும் பார்த்தேன். கூடையிலிருந்து அவள் கை இடுப்புக்குப் போகிறது. கையோடு கூடவே வெள்ளையாக ஒன்று போகிறது. உரித்த இறாலை அள்ளி மடியில் போட்டது மாதிரியேதான் இருக்கிறது. ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. மேஸ்திரி விரலை மடக்கி எண்ணிக் காட்டினான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்புத் துணியை உருவி மேஜைமேல் போட்டாள். ரத்தக் கறைதான் இருந்தது. "இத்தத்தான் சார் தொட்டேன், வேற இன்னா தொட்டேன்?" என்றாள். "நேத்து எடுத்தத இன்னிக்கு மடியிலயா வெச்சிருப்பே?" என்றான் மேஸ்திரி.

அங்கேயே வேலை போய்விட்டது. அதோடு விடவில்லை. மற்ற பொம்பளைகளுக்குப் பயம் வரட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஊர்த் தலைவர் நாட்டார் முன்னால் படத்தைப் போடப் போகிறார்களாம். அவள் மகள் வசந்தாவுக்கு எளாவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறது. உனக்குத் தெரியும்.

அது வால் என்று நீ ஏப்ரலில் எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் சொன்னால் யார் கேட்பார்கள்? நீ வா. வர முடியாவிட்டால் முதலாளிக்கு ஒரு கடிதம் போடு. கேமரா செய்தவனே சொன்னால் அவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இந்திராணி


பெங்களூர்
18.9.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னதைப் பார்த்தால் அது வாலாகத்தான் இருக்க வேண்டும்.

எம்.டி.யிடம் பேசினேன். "எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கேமராவே தப்பு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. இன்னும் அறுபது கேமரா விற்க இருக்கிறது" என்றார். இதை மீறினால் என் வேலை நிலைக்காது. நான் சுயநலமாகப் பேசுகிறேன் என்று நினைப்பாய். எனக்கு இங்கே வேறு யாரைத் தெரியும், அக்கா? டிப்ளமாக்காரனை டிசைனில் உட்காரவைக்கிற இடம் இன்னொன்று கிடைக்குமா?

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பஞ்சாயத்தில் படத்தைப் போடும்போது முனியம்மாளை மட்டும் பார்க்காமல் மற்றவர்களின் கையையும் பார்க்கச் சொல். எல்லோர் கையிலும் வால் இருக்கும், அவள் கை வேகம் என்பதால் அவளுக்கு நீளம், அவ்வளவுதான். இதை நீயே கண்டுபிடித்த மாதிரி சொல். என் பெயர் வர வேண்டாம்.

இன்னொன்று. ஏப்ரலில் நான் எழுதின கடிதத்தை யாரிடமும் காட்டாதே. முடிந்தால் அடுப்பில் போட்டுவிடு.

சகாதேவன்


கோட்டைக்குப்பம்
12.10.1986

சகாதேவனுக்கு,

நீ சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். நடந்ததைக் கேள்.

நேற்று காலை கோயிலுக்கு முன்னால் டி.வி.யைக் கொண்டு வந்து வைத்தார்கள். வெளிச்சத்தில் படம் தெரியாது என்று மேலே படுதாவைக் கட்டினார்கள். ஊரே வந்திருந்தது. எளாவூர் மாப்பிள்ளையின் தாய்மாமனும் வந்திருந்தான், யார் சொல்லி அனுப்பினார்களோ. முனியம்மாளை ஒரு ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

படம் முடிந்ததும் நான் எழுந்தேன். "எல்லா கையையும் பாருங்க. என் கையிலயும் அந்த வெள்ள வருது. அப்படினா நானும் திருடியா?"னு கேட்டேன். நாட்டார் திரும்பப் போடச் சொன்னார். பார்த்தார்கள். என் கையிலும் வந்தது. பக்கத்துப் பொம்பளைகள் கையிலும் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மேஸ்திரி எழுந்து, "பாத்தீங்களா? ஒருத்தினு நெனச்சோம். அந்த வரிசையே திருடுது. அதான் இவ்ளோ எடை கொறைஞ்சிருக்குது" என்றான்.

கடைசி வரிசையில் மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் வேலை போய்விட்டது. எனக்கும்தான். மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் இப்போது என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறார்கள். முனியம்மாள் ஒருத்தியோடு போயிருக்க வேண்டியதை நான் வாயைத் திறந்து பதினொன்றாக ஆக்கிவிட்டேனாம்.

அவளைக் கோயில் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். ஊரில் யாரும் அவளோடு பேசக் கூடாது என்று தீர்ப்பு. தாய்மாமன் அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டான். வசந்தாவின் கல்யாணம் இனி இல்லை.

தீர்ப்பு சொல்வதற்கு முன் முனியம்மாள் என்னைப் பார்த்து, "இந்திராணி, உன் தம்பி இத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"னு கேட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். உன் ஏப்ரல் கடிதம் அப்போது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. எரிக்கவில்லை. கடைசி நேரத்தில் எடுத்துக் காட்டலாம் என்றுதான் கொண்டு போயிருந்தேன். உன் வேலை நிலைக்காது என்று எழுதியிருந்தாயே.

"இல்ல"னு சொன்னேன்.

இனி எனக்கு எழுதாதே.

இந்திராணி


பெங்களூர்
25.1.1987

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமாவின் பெயருக்கு அனுப்பின கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. இதையாவது படி.

மைசூரில் ஒரு பெரிய துணிக்கடையில் எங்கள் கேமரா பதினெட்டு இருக்கிறது. அங்கே பில் போடுகிற பெண் ரூபாய் நோட்டை ஒளித்தாள் என்று சண்டை வந்து, கடைசியில் ஒன்றும் இல்லை, வால்தான் என்று தெரிந்துவிட்டது. பெரிய கஸ்டமர் என்பதால் எம்.டி.யே பதறிப்போய் என்னை ரிப்போர்ட் எழுதச் சொன்னார். நாற்பது நாள் உட்கார்ந்து அளந்து எழுதினேன். குறைந்த வெளிச்சத்தில் நகரும் பொருளின் பின்னால் வெள்ளைத் தடம் தோன்றும், அதை வேறு பொருள் என்று எண்ணக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கம்பெனி முத்திரையும் என் கையெழுத்தும் இருக்கிறது. ஒரு பிரதி உங்கள் முதலாளிக்குப் போயிருக்கிறது. தமிழில் நானே எழுதின பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். முனியம்மாள் அக்காவிடம் படித்துக் காட்டு.

இனிமேல் செய்யும் கேமராக்களில் இரண்டாவது ரகக் குழாயைத்தான் போடப் போகிறோம். அதற்கும் நான்தான் பொறுப்பு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சகாதேவன்


கோட்டைக்குப்பம்
15.2.1987

சகாதேவனுக்கு,

உன் ரிப்போர்ட்டுக்காக மட்டும் எழுதுகிறேன்.

முனியம்மாள் இப்போது பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கூடை தூக்கி விட இங்கே ஆள் கிடையாது. வசந்தாதான் தூக்கி விடுகிறாள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறி அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, மைசூர் சண்டையைச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை முழுவதும் படித்தேன். குழாய் நம்பர், வெளிச்ச அளவு, எத்தனை நொடி, எல்லாம் கேட்டுக்கொண்டு வலைக்கயிற்றைத் திரித்தபடி இருந்தாள்.

முடிந்ததும், "இதுல என் பேரு எங்க வருது?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். 'நகரும் பொருள்' என்று இருக்கிறது. பதினான்கு இடத்தில் இருக்கிறது.

"மைசூரு பொண்ணு பேரு வருதா?"

அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப எடுத்துகினு போ" என்றாள்.

முதலாளிக்குப் போன பிரதியால் ஒன்றும் நடக்கவில்லை. வேறு பொம்பளைகளை வைத்துக்கொண்டார்கள், எடை இப்போதும் குறைகிறதாம். கேமராவும் அங்கேயேதான் இருக்கிறது, கெட்டுப்போன இரண்டு லைட்டும் அப்படியேதான்.

இந்திராணி


பெங்களூர்
8.3.1987

அக்காவுக்கு,

வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதைவிட, கீழே உள்ளதை எழுதி எம்.டி.க்கு ஒரு பிரதி காட்டினேன், மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதுதான் சரி. சிவாஜி நகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதும்போது நிறைய யோசித்தேன். இன்ஜினியர் என்ற முறையில் படம் எதையும் நிரூபிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். நேரில் பார்க்காத நான் அவள் எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று தடவை கிழித்தேன். நாலாவது தடவை இப்படி எழுதினேன். பஞ்சாயத்தில் படிக்கச் செய்.

"கோட்டைக்குப்பம் ஊர்ப் பெரியவர்களுக்கு. இறால் கம்பெனியின் கேமராவுக்கு எந்தக் கண் போடுவது என்று முடிவு செய்தவன் நான். அதில் மலிவான கண்ணைப் போட்டால், அந்தக் கொட்டகை வெளிச்சத்தில், வேகமாக உரிக்கிறவர்கள் கையில் இல்லாத வெள்ளை தெரியும் என்று 1986 ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். பஞ்சாயத்து நடந்தபோதும் தெரியும், வேலைக்குப் பயந்து சும்மா இருந்தேன். நீங்கள் பார்த்தது இறால் இல்லை. முனியம்மாள் திருடவில்லை. அவளோடு சேர்த்துப் பழி சுமந்த பத்துப் பேரும் திருடவில்லை. சகாதேவன்."

நானே வந்து படிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அந்த ஊருக்குள் எப்படி நடப்பது என்று தெரியவில்லை.

சகாதேவன்


கோட்டைக்குப்பம்
19.4.1987

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் போன ஞாயிறு பஞ்சாயத்தில் நானே படித்தேன். முனியம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். வசந்தாவோடு வந்து, போன தடவை நின்ற அதே ஓரத்தில் நின்றாள்.

நாட்டார், "ஏப்ரல்லயே தெரியும்னு எழுதிகீறானே, அப்பவே உனக்கும் எழுதினானாம்மா?" என்று என்னைக் கேட்டார். போன தடவை சொன்ன பதிலையே இப்போதும் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அன்னிக்கு இது எங்கிட்டதான் இருந்துது. ஜாக்கெட்டுல வெச்சிகினு இல்லனு சொன்னேன்" என்றேன்.

கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். உன் மாமா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது.

முனியம்மாள் மெதுவாக நடந்து என் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொட்டிக்காவது வெளிச்சம் பத்தல. நீ எம் பக்கத்துலயே குந்திகினு இருந்தவதானே, உனக்கு இன்னாடி?" என்றாள்.



கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். எளாவூருக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தப் பையனுக்குத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாம். இறால் கம்பெனி, ஆள் போதவில்லை என்று எங்கள் பத்துப் பேரையும் திரும்பக் கூப்பிட்டது. ஒன்பது பேர் போனார்கள். வேறு என்ன செய்வார்கள்? முனியம்மாளைக் கூப்பிடவில்லை. நான் போகவில்லை.

நீ வேலையை விட்டது நல்லது என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. ஆறு மாதம் முன்னால் விட்டிருந்தால் எழுதியிருப்பேன். எனக்கும் அதே ஆறு மாதம்தான்.

இப்போது நானும் பொன்னேரிக்கு மீன் கூடை எடுத்துப் போகிறேன். அவளும் நானும் ஒரே வேனில்தான் போகிறோம், ஒரே வேனில் திரும்பி வருகிறோம். மார்க்கெட்டில் அவளுக்கு எதிர் வரிசையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவள் என்னைப் பார்ப்பதே இல்லை. கூடையில் மீன் விற்காமல் கிடந்து நான் உட்கார்ந்திருக்கும் நாளில் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

இந்திராணி